நாற்பத்தைந்து செக்கன் பிள்ளை

மாலை ஆறு ஐம்பதுக்கு அந்த பிஸ்கட் விளம்பரம் வரும். ஆறு நாற்பத்தைந்துக்கே நான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். கொழும்பில், வெள்ளவத்தையில் பொலிசுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள், குண்டுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குப் பயந்து நடுங்கியவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

விளம்பரத்தில் ஒரு வசனம்கூட இல்லை. புல்லாங்குழல் மட்டும். சிங்களக் கிராமத்து வீடு. லீவு முடிந்து திரும்பப் போகிற ஆமிப் பையன் பச்சை உடுப்போடு வாசலில் நிற்கிறான். சட்டையில் ஒரு பொத்தான் ஆடுகிறது. அவன் போட்டபடி நிற்கத் தாய் அதைத் தைக்கிறாள், நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள், பையில் ஒரு பிஸ்கட் பெட்டியை வைக்கிறாள். பஸ் போய்விடுகிறது. தாய் திரும்பி வந்து பார்த்தால், ஆறிப்போன தன் தேத்தண்ணிக்குப் பக்கத்தில், பீரிசுத் தட்டில் ஒரு பிஸ்கட் இருக்கிறது. பெட்டியை உடைத்து அவன் வைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், நாற்பத்தைந்து செக்கன். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி நேசமலர் அதைப் பார்ப்பதற்கென்றே முகம் கழுவி, பொட்டு வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவா.

"பாத்தீங்களே, தாய்க்காரி அழேல்லை," என்பா. "தெறி தைக்கிறா. நூலைக் கடிக்கிற சாட்டிலை பிள்ளையின்ரை நெஞ்சிலை ஒருக்கா முகத்தை வைச்சு எடுக்கிறா. அவனுக்கும் அது விளங்குது, ஆனால் விளங்காத மாதிரி நிக்கிறான். இதை எடுத்தவன் சும்மா ஆளில்லை."

"பிஸ்கட் விக்கிறதுக்கு எடுத்தவங்கள், நேசம்."

"விக்கட்டுமன். நான் வாங்குறன்தானே."

உண்மையாகவே வாங்கினா. தேத்தண்ணியோடு அந்த பிஸ்கட்தான். பிறகு, அந்தப் பையன் பஸ்ஸுக்குக் குனிந்து ஏறும்போது அவனுடைய பிடரி தெரிகிற இடத்தில், அவவுக்குக் குரல் உடையும். நாள் தவறாமல் அதே இடத்தில். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். பக்கத்துச் சுவருக்கு அங்கால், எங்களுக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி ஐறீன் இருக்கிறா. நல்ல மனுசிதான். ஆனாலும், ஆமிக்காரப் பையனைப் பார்த்து ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழ்ச்சி ஏன் இப்படிக் குழறி அழுகிறாள் என்று யாராவது ஒருநாள் கேட்டால் நான் என்ன சொல்ல?

அந்தப் பிடரி எங்கள் மகன் சிவானந்தனுடைய பிடரி. அதை நேசம் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. எனக்குக் கண் இருக்கிறது.

சிவானந்தனுக்கு அவன் போனபோது பதினேழு. யாழ்ப்பாணத்தில் ரியூஷனுக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ அவனுடைய சைக்கிளைக் கொண்டுவந்து வாசல் படலையில் சாத்திவிட்டுப் போனார்கள். இயக்கத்துக்குப் போய்விட்டான். வன்னியிலிருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கனடாவிலிருக்கும் மகள் அருந்ததி எங்களைக் கூப்பிட விசாவுக்குப் போட்டாள். கொழும்புக்கு வெளிக்கிட முதல் அவனுடைய படங்கள் எல்லாவற்றையும் கிணற்றடியில் வைத்து எரித்தேன். கொழும்பில் தமிழர் எல்லாரும் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் பிள்ளைகள் என்ற இடத்தில் 'மகள் ஒன்று, கனடா' என்று என் கையால் எழுதினேன். நேசத்துக்குச் சிங்களம் தெரியாது. ஆனபடியால் அவ மரக்கறி வெட்டும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் பின்னால் நின்று ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்க வைத்தேன். பத்து நாள் எடுத்தது. ஆண்பிள்ளைகள் இல்லையா என்று கேட்டால், 'நே மாத்தயா, துவெக் விதராய்' என்று சொல்ல வேண்டும். இல்லை ஐயா, ஒரு மகள் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் 'நே' என்ற சொல்லில் அவவுக்கு நாக்குத் தடக்கும். எனக்குக் கோபம் வரும், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரிக் கத்துவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. பதிவு பார்க்க வந்திருந்தார்கள். தலை நரைத்த சார்ஜன் ஒருவர், துவக்கோடு ஒரு இளம் பொலிஸ்காரன். சார்ஜன் எங்கள் அடையாள அட்டைகளையும் துண்டையும் வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார், நேசத்தின் கதிரை. இளையவன் அறைக்குள் போய் மெத்தையைப் புரட்டுவது கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நேசம் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. ரி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆறு நாற்பத்தெட்டு.

ஐயோ கடவுளே. ரி.வி.யை விட்டால் மனுசி அழப்போகிறா. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். நிற்பாட்டினால், அதுவும் சரியாக அந்த ஆமிப் பையன் வருகிற நேரத்தில் ஒரு தமிழன் எழும்பிப் போய்ச் சார்ஜனுக்கு முன்னால் ரி.வி.யை நிற்பாட்டினால், அதைவிட வேறு வினை வேண்டுமா? எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். "என்ன மாத்தயா, சுகமில்லையா?" என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். வாயு என்றேன். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் பழகிய சிங்களம் அதற்குத்தான் உதவியது.

புல்லாங்குழல் தொடங்கியது. நேசம் தட்டத்தோடு வந்து சார்ஜனுக்கு முன்னால் தேத்தண்ணியையும், பீரிசில் இரண்டு பிஸ்கட்டையும் வைத்தா. வைத்துவிட்டு அங்கேயே நின்றா. சார்ஜன் துண்டை மடியில் போட்டுவிட்டு ரி.வி.யைப் பார்த்தார். தாய் பொத்தான் தைத்தாள். நூலைக் கடித்தாள். நான் நேசத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் பஸ்ஸுக்குக் குனிந்தான்.

நேசம் அழவில்லை. தட்டத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றா. அழுதது சார்ஜன். பெரிய அழுகை இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தன் மகனும் ஆமியில்தான் என்றார். வன்னிச் சண்டையில், ஓமந்தையில் நிற்கிறானாம். மூன்று கிழமையாகக் கடிதம் இல்லையாம். இந்த விளம்பரம் வந்தால் தன் மனைவி அடுப்பையும் விட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாளாம்.

நேசத்துக்கு மற்றதெல்லாம் விளங்கியிருக்காது. ஓமந்தை என்ற ஊர்ப்பெயர் விளங்கியிருக்கும். எங்கள் பிள்ளை உயிரோடு இருந்தால், அவனும் அந்தப் பக்கம்தான் எங்கேயோ நிற்பான். எதிர்ப்பக்கத்தில்.

சார்ஜன் நேசத்தை நிமிர்ந்து பார்த்தார். பொலிஸ் குரலில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த ஒரு மனிதர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"புத்தாலா நெத்த அம்மே?"

உங்களுக்கு ஆண்பிள்ளைகள் இல்லையா அம்மா. அறையிலிருந்து இளையவனும் வெளியே வந்து கதவடியில் நின்றான்.

"நே மாத்தயா," என்றா நேசம். "துவெக் விதராய்."

நாக்குத் தடக்கவில்லை. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"புண்ணியம் செய்தவர்கள் நீங்கள்," என்றார் சார்ஜன். துண்டில் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார், தேத்தண்ணியைக் குடித்தார், ஒரு பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். படி இறங்கும்போது அந்த ஆள் என் தோளில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார்.

கதவைப் பூட்டிவிட்டு வந்து விசர்ச் சிரிப்புச் சிரித்தேன். உயிர் வந்த சந்தோசம். "கெட்டிக்காரியப்பா நீர்! தண்ணி மாதிரிச் சொல்லிப்போட்டீர்!"

நேசம் தட்டத்தைக் கீழே வைத்தா. போய் ரி.வி.யை நிற்பாட்டினா. இரவுச் சாப்பாடு போட்டுத் தந்தா, தான் சாப்பிடவில்லை. சார்ஜன் குடித்த கோப்பையையும் கழுவவில்லை. அது அப்படியே மேசையில் கிடந்தது, பீரிசில் மிச்சம் விட்ட ஒரு பிஸ்கட்டோடு. அந்த விளம்பரம் எட்டரைக்கும் ஒருமுறை வரும். எட்டு இருபதுக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை மாதமும் அதுக்குப் பயந்து செத்த நான் கேட்டேன்: "இஞ்சேருமப்பா, ரி.வி.யைப் போடட்டே? உம்மடை பிள்ளை வாற நேரமெல்லே."

"வேண்டாம்."

"ஏன் நேசம்?"

"அந்தப் பிள்ளையின்ரை முகத்தை இனி நான் என்னெண்டு பாக்கிறது?"

எட்டரைக்கு ஐறீன் வீட்டு ரி.வி.யில் புல்லாங்குழல் கேட்டது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். மேசையில் எறும்பு ஊர்ந்து பீரிசில் ஏறியிருந்தது. நான் பீரிசை எடுக்கக் கை நீட்டினேன். நேசம் என் கையை விலக்கினா. குனிந்து எறும்புகளை மெல்ல ஊதிவிட்டு, வெறுங்கோப்பையைக் கவிழ்த்து அந்த பிஸ்கட்டை மூடினா. சுவருக்கு அங்காலே பஸ் போய்விட்டிருக்கும். நான் நாற்பத்தைந்து வரைக்கும் எண்ணினேன். புல்லாங்குழல் நின்று வேறு ஏதோ விளம்பரம் தொடங்கியது. அவ இன்னமும் கோப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.