வெர்லீன் அம்மாவின் இழுப்பு

மெம்பிஸில் எங்கள் கறுப்பர் சர்ச்சுக்குள் கிப் லான்சிங் கறுப்புக் கண்ணாடியோடு நுழைந்தான். வெள்ளைக்காரப் பாடகன், பெரிய பேர். அவனுடைய புதுப் பாட்டுக்குப் பின்னால் எங்கள் பாடகர் குழு பாட வேண்டுமாம். "உங்க வலிதான் எனக்கு வேணும்" என்றான், மீன்கடையில் ஒரு பவுண்டு கெளுத்தி கேட்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸ்டர் தலையாட்டிவிட்டார், என்ன செய்ய?

முப்பது வருடமாக ஆர்கன் வாசிக்கிறவன் நான். குழுவில் எல்லோரிடமும் கறாராகச் சொன்னேன், தாளில் இருப்பதைத் தாண்டி ஒரு மூச்சுகூட அவனுக்குக் கிடையாதென்று. குழுவின் முதல் குரலான வெர்லீனிடம் தனியாகச் சொன்னேன். அவள் அம்மா தன் புருஷனைப் புதைத்த அன்று, வாயில் தானாக வந்த ராக இழுப்பு ஒன்று உண்டு. சர்ச்சில் யார் செத்தாலும், சவப்பெட்டியை மூடுமுன் மட்டும்தான் வெர்லீன் அதைப் பாடுவாள்.

"அம்மாவோடத வெளிய எடுத்துடாத தாயி."

"எனக்குத் தெரியாதாண்ணே?"

பதிவு நடந்தது. அந்தப் புண்ணியவானுக்குத் தாளத்துக்குக் கைதட்டவே வரவில்லை. நாங்கள் தட்டி முடித்த பிறகு அவன் தட்டினான். நாலாவது தடவை பாடும்போது உச்ச ஸ்வரத்தில் குரல் உடைந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எங்கள் சர்ச்சில் பாடுகிறவன் தடுக்கினால் பக்கத்தில் நிற்கிறவர் குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார். திருடனே பாடினாலும் அப்படித்தான். வெர்லீனின் வாய் தானாகத் திறந்தது. அம்மாவின் இழுப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்து அவன் மேலே ஏறினான். மடையன் நானும் ஆர்கனில் கூடவே போனேன்.

ஐந்தே வாரத்தில் அது ரேடியோவில் வந்தது. வெர்லீன் குரலை வெட்டிவிட்டு, அதே இழுப்பைத் தானே படித்துப் பாடியிருந்தான், களவாணிப் பயல். கிப்பின் அடிநெஞ்சுக் கதறலாம், அறிவிப்பாளன் உருகினான். தூ!

அக்டோபரில் எங்கள் சர்ச்சின் மூத்த ஊழியர், டீக்கன் ஹோசியா பெட்வே இறந்தார். பெட்டியருகே நின்று வெர்லீன் அம்மாவின் இழுப்பை ஆரம்பித்தாள். முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த அவர் பேத்தி முகத்தை நிமிர்த்தினாள். உதடுகள் கிப்பின் வரிகளை முணுமுணுத்தன. பக்கத்தில் இருந்தவளிடம், "கிப் பாட்டுடி. தாத்தாவுக்குப் புடிக்கும்னு பாடுறாங்க போல" என்றாள்.

பாவம், சின்னப்பெண், அவளுக்கென்ன தெரியும். ஆனால் அது வெர்லீன் காதில் விழுந்துவிட்டது. பாதியில் நிறுத்தினாள்.

பெட்டியின் மூடியைப் பிடித்திருந்த இரண்டு பேரும் அவள் முடிப்பாளென்று காத்து நின்றார்கள். வெர்லீன் அவர்களைப் பார்த்தாள்.

"மூடிடுங்க" என்றாள்.