முழங்கால் உயரத்துக் கருகல்

நெருப்பு தின்ற எங்கள் நகரத்தின் ஆன்மா இந்த கிங்கோ மரத்தில் நிற்கிறது. பேட்டைச் சங்கத் தலைவர் குரமோச்சி இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அடிமரத்துக் கருகலைத் தடவி, "எரிகுண்டு விழுந்த ராத்திரியை என் கண்ணால பார்த்தேன்" என்பார். உலகப் போரில் எங்கள் தோயாமா நகரம் எரிந்து மூன்று ஆண்டு கழித்துத்தான் அவர் பிறந்தார்.

ஆற்றுக்கு அக்கரைப் பேட்டையின் கல்விளக்குக்கு, போரில் தப்பியது என்று நகராட்சி பலகை வைத்துவிட்டது. சுற்றுலாப் பேருந்து அங்கே நிற்கிறது. எங்கள் மரத்துக்கும் பலகை வாங்காமல் தலைவருக்குத் தூக்கமில்லை.

மரத்தைப் பார்க்க நகராட்சியிலிருந்து நிஷிபே வந்த அன்று, அது நிற்கும் கோயில் முற்றத்தில் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தலைவர் என் காதைக் கடித்தார்.

"அந்தம்மாவைப் பாருங்க. அக்கரைக்காரங்க அனுப்பின உளவாளி."

"கையில வடகோடி சப்போரோ ஊர் பிஸ்கட் பை இருக்கே, தலைவரே."

"அதெல்லாம் வேஷம்யா!"

நிஷிபே குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும், அதுவும் முழங்கால் உயரத்துக்குத்தான் கருகியிருக்கு. ஏங்க?"

"தியாகத் தழும்புங்க அது" என்றார் தலைவர்.

"குண்டு குனிஞ்சு வந்து விழுந்துச்சாக்கும்" என்றாள் அம்மாள்.

தலைவர் சீறினார். "எவ்வளவு குடுத்தாங்கம்மா அக்கரையில?"

அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரையே பார்த்தாள். "அட, குரமோச்சி வீட்டு மினோரு! என்னைத் தெரியலையாடா? பூசாரி மக கயோ. கல்யாணமாகி சப்போரோ போனவ."

தலைவரின் முகம் மரத்தின் கருகலைவிடக் கறுத்தது.

"உதிர்ந்த இலையைக் குவிச்சு கிழங்கு சுடறேன்னு மரத்தையே கொளுத்திட்டு ஓடினியே. வாளி வாளியா தண்ணி ஊத்தினது நான்டா!"

"சரி, கருகலை விடுங்க. மரமாவது சண்டைக்கு முந்தினதுதானே?" என்றார் நிஷிபே, பாவம் பார்த்து.

"அதெங்க? ஊரைத் திரும்பக் கட்டினப்ப எங்கப்பா சைக்கிள்ல கொண்டாந்து நட்ட கன்னு இது."

நிஷிபே நன்றாகக் குனிந்து வணங்கி, எங்கள் தேநீரைப் புகழ்ந்துவிட்டுப் போனார். அம்மாள் பிஸ்கட்டை எங்களுக்குப் பங்கிட்டாள். தலைவர் தம் பங்கை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

அடுத்த மாதம் மரத்துக்கு நகராட்சிப் பலகை வந்தது. 'இங்கே இலை எரிக்கக் கூடாது' என்று அதில் எழுதியிருக்கிறது.