பாங்காக்கில் குளித்தவன்

அனலிசா தேங்காயெண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கினாள். இஞ்சி இன்னும் கொஞ்சம் விட்டால் கருகியிருக்கும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவன் ரொடேலின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காலை ஓட்டம் முடிந்து வந்து அரை மணி நேரமாகியும் அவன் முகத்தில் வியர்வை காயவில்லை. துடைத்துக்கொள்ளத் துண்டு உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. கொதிக்கிற உடம்பில் தண்ணீர் பட்டால் பாஸ்மா வரும் என்பது அந்தத் துறைமுக ஊரான ஜெனரல் சாண்டோஸில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். சூடும் குளிர்ச்சியும் நரம்புக்குள் மோதிக்கொண்டால் கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், பிடித்தது நழுவும். ரொடேலுக்கு இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறது. அவன் கோப்பையில் பாதிக்கு மேல் காபி ஊற்றுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"சண்ட முடிஞ்ச கையோட யாராவது குளிப்பாங்களா?" என்றாள், தினமும் கேட்பதைப் போல.

"அந்த ஹோட்டல்ல சுடுதண்ணி வரும்னு நெனச்சேன்" என்றான் அவனும், தினமும் சொல்வதைப் போல.

பாங்காக்கில் நடந்தது அது. பத்து ரவுண்டுக் குத்துச்சண்டை. ஏழாவது ரவுண்டில் ஒரு குத்தில் விழுந்து, எட்டு எண்ணுவதற்குள் எழுந்து, கடைசி மணி வரை நின்று, புள்ளிகளில் தோற்றான். போனில் அவள் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை, முடிவு தெரிந்த கதைதானே. சாப்பிட்டாயா என்று கேட்டாள். குளித்துவிட்டுப் படுக்கப்போகிறேன், தலை வலிக்கிறது என்றான். குளித்துவிட்டாயா என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி யாரோ செத்துப்போனதாக நினைத்து ஓடிவந்தாள். ஒரு மாதம் கழித்து அவன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அனலிசாவுக்குக் கொஞ்சம்கூட ஆச்சரியமில்லை. சொன்னேனே, கேட்டாயா என்று ஒரு வாரம் அவனை வறுத்தெடுத்தாள். பிறகு எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தாள்.

ரொடேல் சுமகாய்சாய்க்கு முப்பத்திரண்டு வயது. இருபத்தொரு வெற்றி, ஒன்பது தோல்வி. வெற்றியெல்லாம் உள்ளூரில், தகரக்கூரை போட்ட கூடைப்பந்து மைதானங்களில், ஊர்த் திருவிழாக்களில், பாட்டுப்போட்டிக்கும் அழகிப்போட்டிக்கும் நடுவே கிடைத்தவை. தோல்வியெல்லாம் கடல் தாண்டி. தோற்கிறவனுக்குத்தான் விமானச்சீட்டு வரும், ஜெயிக்கிறவனை எந்த முட்டாள் காசு போட்டுக் கூட்டிப்போவான் என்பார் அவனுடைய கோச் பெர்டிங். ஒசாகாவிலும் சியோலிலும் வளர்ந்துவருகிற பையன்களுக்குப் பத்து ரவுண்டும் எதிரில் நிற்க ஓர் ஆள் வேண்டும். சட்டென்று விழுந்துவிட்டால் கூட்டம் ஏமாந்துபோகும், திருப்பி வெளுத்துவிட்டால் அடுத்தமுறை கூப்பிட மாட்டார்கள். ரொடேல் நிற்பான். எப்படி அடித்தாலும் நிற்பான். அவன் பெயரைச் சொல்ல முடியாமல் அங்கே அறிவிப்பாளர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வதை வீட்டில் நடித்துக் காட்டுவான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுவாள்.

இந்தமுறை வந்த அழைப்பு வேறு மாதிரி. ஒசாகாவில் ஆசிய சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை. சுலபமான ஆள் என்று நினைத்துத்தான் அந்தச் சாம்பியன் இவனைத் தேர்ந்தெடுத்திருப்பான், அது மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் பெல்ட் பெல்ட்தான். பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல் அவர்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை. விஷயத்தைச் சொல்ல பெர்டிங் தானே நேரில் வந்தார். அனலிசா கொடுத்த காபியை இரண்டு கைகளாலும் பிடித்து, உதட்டைக் கோப்பைக்குக் கொண்டுபோய் உறிஞ்சினார். அவருக்கும் பாஸ்மா. அந்த ஜிம்மில் நாற்பது தாண்டிய பழைய சண்டைக்காரர்களில் யாருக்குத்தான் இல்லை? ரிங் மூலையில் வாளி பிடிக்கிற ஆளுக்கு உண்டு, கையில் துணி சுற்றிவிடுகிறவருக்கு உண்டு. சூதாட உட்கார்ந்தால் காய் குலுக்க இவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று ஊரே கேலி பேசும்.

பெல்ட் சண்டைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். தவாவ் நகரத்துக்கு மூன்று மணி நேர பஸ். அனலிசாவும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். இப்போதெல்லாம் அவன் காகிதங்களை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறான். டாக்டர் இளம்பெண். கைகளை முன்னால் நீட்டச் சொன்னாள். ரொடேல் நீட்டினான். பத்து விரல்களும் ஆடின.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அன்று அனலிசா அப்படித்தான் கெட்டாள். டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று முந்திக்கொண்டு பேசினாள். இது வியாதியில்லை, வெறும் பாஸ்மா என்றாள். பாஸ்மாதான் என்று நிரூபிக்க அத்தனையையும் எடுத்துச் சொன்னாள். பொத்தான் போட முடியாது. சில நாள் தலைவலி. மார்க்கெட்டுக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தோம் என்று நடுவில் நின்று யோசிப்பான். போன மாதம் கொழுந்தியாள் பெயர் வாயில் வரவில்லை. எல்லாமே பாங்காக்கில் குளித்ததிலிருந்துதான்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "குளிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சும்மா?"

இரண்டு வருடத்தில் அனலிசா ஒருமுறைகூட அந்தக் குளியலறைக் கதவைத் தாண்டி, அதற்கு முந்தைய சண்டைப் பக்கம் நினைத்துப் பார்த்ததில்லை.

பிற்பகலில் தலையை ஸ்கேன் எடுத்த படம் வந்துவிட்டது. மூளையில் இரண்டு இடங்களில் பழைய ரத்தக்கசிவு. டாக்டர் கெட்டவள் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள். இனிமேல் சண்டை கூடாது, பயிற்சியில்கூடத் தலையில் ஒரு அடி விழக் கூடாது, விழுந்தால் எழுந்திருப்பான் என்று சொல்ல முடியாது என்றாள். ரொடேல் பாடம் கேட்கிறவனைப் போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினான்.

"அந்தப் பொண்ணு மணிலாவுல படிச்சவ. அதுக்கு பாஸ்மா பத்தி என்ன தெரியும்? நீ சொல்லு, உனக்குத்தான தெரியும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

ஒசாகா வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. ஆனால் பெர்டிங் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மலையடிவாரத்தில் ஓர் ஊரில் அடுத்த மாதம் திருவிழா, எட்டு ரவுண்டு, முக்கியச் சண்டையே ரொடேலுடையது என்று பேசி முடித்துவிட்டார். அங்கே படமெல்லாம் கேட்க மாட்டார்கள். ஒரு நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பாள், அவ்வளவுதான். வஞ்சகம் இல்லை அதில். படித்தவர்களுக்குப் பாஸ்மா தெரியாது என்பதை அவர் முழுமனதோடு நம்பினார். ஒரு சண்டையில் நல்லபடியாக நின்று காட்டிவிட்டால் ஒசாகாக்காரர்களிடம் மறுபடி பேசலாம் என்றார். ரொடேல் மறுநாளே ஓட ஆரம்பித்தான். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் எண்ணெய் போட்டாள். அதற்கு அடுத்த நாளும் போட்டாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே போட்டாளா என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. அந்தப் பெண் சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு விரலாக உருவிவிட்டாள்.

துறைமுகத்தில் அவளுக்குச் சூரை மீன் வேலை. வயிறு கிழித்த மீனைச் சுரண்டிக் கழுவி, வயிற்றுக்குள் ஐஸ் அடைத்து, பெட்டியில் வைத்து மேலே மறுபடி ஐஸ் கொட்ட வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கை ஐஸில்தான். வீட்டுக்குப் போனதும் அடுப்பு. பக்கத்து மேசையில் ஃபெலிசா அக்கா. அறுபத்து மூன்று வயது. முப்பது வருடமாக அதே ஐஸ், அதே அடுப்பு. குளிர்காற்று அடித்தால் கை கடுக்கிறது, பாஸ்மா என்று புலம்பாத நாளில்லை.

அந்த வியாழக்கிழமை ஃபெலிசா அக்கா ஒரு பெரிய மீனுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஒரு துணுக்குச் சதை கூடப் போகவில்லை. அனலிசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஐஸுக்குள்ளிருந்து தன் கைகளை எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்தாள். சிவந்திருந்தன. கணுக்கள் வீங்கியிருந்தன. ஆனால் ஆணி அடித்துவைத்த பலகை மாதிரி அசையாமல் இருந்தன. கொட்டகையில் எழுபது பெண்கள். ஒவ்வொருத்தி கையாகப் பார்த்தாள். வலி இருந்தது, வீக்கம் இருந்தது. யாருக்கும் நடுக்கம் இல்லை. ஐஸில் கிடக்கிற கைகள் நடுங்கவில்லை. ஐஸையே தொடாத அந்த ஜிம்மில்தான் அத்தனை பேருக்கும் நடுங்குகிறது.

அவளுக்கு அழுகை வந்தது. மேஸ்திரி பார்க்கிறான் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதாள். இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் ஆறு சண்டை. ஒவ்வொன்றுக்கும் தன் கையால் எண்ணெய் போட்டு, தடவிக்கொடுத்து, போய் அடி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறாள். டாக்டர் கேட்டிருந்தால் வாரத்துக்கு எத்தனை தேங்காய் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

பாதி வேலையில் ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஜிம்முக்குப் போனாள். மத்தியான வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே அனலாக இருந்தது. ரொடேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ரிங்குக்குள் ஒரு இளைஞனோடு பயிற்சிச் சண்டையில் இருந்தான். பெர்டிங் கயிற்றுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கையிலிருந்த கயிறு கட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச், அது பாஸ்மா இல்ல."

அவர் திரும்பாமலே சிரித்தார். "அந்த டாக்டரம்மா உன்னையும் மயக்கிட்டாளா தங்கச்சி?"

அனலிசா அவருக்கும் ரிங்குக்கும் நடுவில் போய் நின்று கைகளை நீட்டினாள். மீன் வாடை குப்பென்று அடித்தது. "பன்னண்டு வருசமா ஐஸ்ல கெடக்குற கை இது. நல்லா பாருங்க. எங்க கொட்டாயில ஒருத்திக்கும் ஆடல."

பெர்டிங் பார்த்தார். முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவள் பின்னால் கையுறை உடம்பில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் தன் வலது கையைத் தூக்கி அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். கடிகாரத்தின் கயிறு அதில் ஊஞ்சலாடியது. தன் காலத்தில் அறுபத்தொரு சண்டை போட்டவர் அவர்.

"அப்ப எனக்கு?" என்றார்.

சுவரோரம் துணி சுருட்டிக்கொண்டிருந்தவரையும், வாளிக்காரரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தாம் வளர்த்து, ரிங்கில் ஏற்றி, வெளிநாடு அனுப்பிவைத்த எத்தனை பேர் அவர் நினைவுக்கு வந்தார்களோ, முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"ரொடேல், எறங்கு" என்றார்.

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கே கோச்."

"எறங்குடா."

ரொடேல் கயிற்றுக்கு அடியில் குனிந்து இறங்கி வந்தான். தலைக்கவசத்துக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அனலிசாவைப் பார்த்தான், அவள் அழுத முகத்தைப் பார்த்தான். இரண்டு ரவுண்டு சண்டைக்கு ஆகிற நேரம் அவன் அப்படியே நின்றான்.

"அப்ப நாளைக்குக் காலைல நான் எதுக்கு ஓடணும்?" என்று கேட்டான்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அனலிசா ஏதாவது சொல்லியிருப்பாள்.

பெர்டிங் அவன் கையுறையைக் கழற்றப்போனார். கழற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும், அவனால் முடியாது. மணிக்கட்டில் கயிறு இறுகி வியர்வையில் ஊறியிருந்தது. அவர் விரல்கள் முடிச்சின் நுனியைப் பிடிக்கப்போய்ப் பக்கத்தில் விழுந்தன. மறுபடி போயின. கையுறைக்குள் அவன் கையும் ஆடியதால் முடிச்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. பெர்டிங் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி முயன்றார். ரொடேல் அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான்.

அனலிசா ஆடாத தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.