ஹினானோ வாய்விட்டு வாசித்த கடிதம்

1
இந்தக் கதையை ஹவாய்த் தீவின் ஹீலோ நகரப் பேருந்தில் ஒட்டுக்கேட்டேன். ஓட்டுநர் ஹினானோ, நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் கிடைக்கும் பன்னிரண்டு நிமிடத்தில், பழைய ஹவாய்மொழிச் செய்தித்தாளின் நகலை ஸ்டியரிங்மேல் விரித்து உரக்க வாசிப்பாள். ஒன்றரை வருடம் முன்சீட்டில் இருந்து கேட்டேன். எழுதலாமா என்றபோது, "எழுதுங்க. ஆனா என்னை ஒல்லியா காட்டிடாதீங்க, யாரும் நம்பமாட்டாங்க," என்றாள்.

2
முதலில் எழுதியது: "மழை பெய்த ஒரு காலையில், தாய்மொழியை இழந்த ஹினானோ..."

ஹீலோவில் மழை பெய்யாத காலை எது? 'இழந்த' என்பதும் பொருந்தவில்லை. பசித்தவள் சாப்பிடுவதுபோல அல்லவா படித்தாள்! நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் தெரிந்த ஹவாய்மொழி, பாட்டும் திட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு பத்தி. மூன்று முறை. முதலில் ஓசைக்காக, அடுத்து அகராதியோடு, கடைசியில் அகராதியை மூடிவைத்து.

பணிமனையில் பேருந்து பழுதுபார்க்கும் அவள் தோழி லுகியா பள்ளியிலேயே இம்மொழி படித்தவள். "நீ படிக்கிற வேகத்துக்கு நம்ம பழைய வண்டியே மேடேறிடும்டி," என்பாள். ஆனால் தப்பு வந்தால் ஒன்றையும் விடமாட்டாள்.

3
மார்ச்சில் ஒரு கடிதம் அகப்பட்டது. கப்பலில் போய்த் திரும்பாத கணவனுக்கு, செய்தித்தாள் வழியாக ஒரு பெண் எழுதியது. எல்லாம் புரிந்தது, ஒரு வரியைத் தவிர: "நான் இப்போது கொஉ வீட்டில் இருக்கிறேன்."

(கொஉ: வழுக்கினாற்போல் சொன்னால் 'உன்'. நடுவில் தொண்டையை ஒரு கணம் அடைத்துச் சொன்னால் 'என்'. அந்த அடைப்புக்கு இன்று குறி உண்டு. அந்தக் கடிதத்தின் அச்சில் இல்லை.)

"எதுடி சரி?"

"ரெண்டுமே சரிதான். கண்ணால படிச்சா தொல்லையில்ல. சனிக்கிழமை நூலகக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் வாயால படிக்கப்போறயே, அங்க மாட்டுவ," என்றாள் லுகியா.

4
(கடிதத்திலும் கணவன், கதையிலும் கணவன் என்றால் வாசகர் முகம் சுளிப்பார் என்று தயங்கினேன். அவன் என்னைக் கேட்டுக்கொண்டா வந்தான்?)

ஹினானோவின் கணவன் கமுவேலா, மூன்று வருடம் முன்பு லாஸ் வேகஸில் ஹோட்டல் சமையல் வேலைக்குப் போனவன். சண்டை எதுவும் இல்லை. திரும்பும் பேச்சும் இல்லை. நீஹாவு தீவில் பிறந்த அவனுக்கு ஹவாய்மொழிதான் தாய்மொழி. இவளுக்குப் புரியாது என்று, கல்யாணமான நாள் முதல் ஆங்கிலத்திலேயே பேசிவந்தான்.

சனிக்கிழமை நானும் கேட்கப் போயிருந்தேன். நூலகத்தின் கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்து அவன் உட்கார்ந்திருந்தான்.

"எப்ப வந்தே?"

"நேத்து. அண்ணன் வீட்டுல இருக்கேன். நீ படிக்கப்போறேன்னு லுகியா சொன்னா."

"தப்பா படிச்சா சிரிக்காதே."

"சிரிக்கமாட்டேன்."

வரிக்கு வரி விரல் வைக்காமல் வாசித்தாள். மூச்சுவிட வேண்டிய இடங்களில் மட்டும் மூச்சுவிட்டாள். கமுவேலாவின் உதடுகள் கூடவே அசைந்தன. அந்த வரி வந்தது. நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. தாளிலிருந்து கண்ணெடுத்து, அவனைப் பார்த்து வாசித்தாள்.

5
இங்கே 'உன்'னும் வேண்டாம் 'என்'னும் வேண்டாம் என்று, 'நம்' என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். ஹவாய்மொழியில் அதற்கும் சொல் உண்டு. கடிதம் எழுதியவள் அதை எடுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். கூட்டம் கலைந்ததும் கமுவேலா அவளிடம் வந்து ஹவாய்மொழியில் ஏதோ கேட்டான். நீளமான கேள்வி. அவள் அகராதிப் பையைத் தேடவில்லை. அதே மொழியில், மெதுவாக, முழு வாக்கியங்களில் பதில் சொன்னாள். அவன் மறுபடி கேட்டான். நூலகம் பூட்டும்வரை இருவரும் நின்றபடியே பேசினார்கள். லுகியா அவர்களைச் சுற்றிச்சுற்றி நாற்காலிகளை அடுக்கினாள்.

அந்தச் சொல்லை அவள் எப்படி வாசித்தாள் என்பது எனக்குத் தெரியும்; காதால் கேட்டேன். எழுதினால் நீங்கள் கண்ணால் தாண்டிப் போய்விடுவீர்கள். மூன்று வருடம் கழித்து வந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து, நீங்களே உரக்கச் சொல்லுங்கள்:

நான் இப்போது ______ வீட்டில் இருக்கிறேன்.