பதினாலாம் நம்பர்

கம்பெனியில் ஷாகுலை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சானடோரியம் ஏரியாவில் அந்த ஷூ கம்பெனி தொடங்கிய வருஷமே சேர்ந்தவர். டோக்கன் நம்பர் பதினாலு. காலையில் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சவுரிமுத்து "வாங்க பதினாலு!" என்று சல்யூட் அடிப்பார். அந்த சல்யூட்டுக்காகவே மனுஷன் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். சம்பளத்துக்காக ஓட்டியிருக்க முடியாது.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, அந்தக் கம்பெனியில் அதுதான் சட்டம். வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கேட்டது கிடைக்கும். உள்ளேயே கிடப்பவனுக்கு வருஷத்துக்கொரு தரம் கொசுறு மாதிரி ஓர் உயர்வு, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். ஷாகுலுக்கு மட்டும் ரம்ஜானுக்குத் தனியாக ஒரு கைகுலுக்கல்.

பேக்கிங் செக்‌ஷன் சிட்டிபாபு இந்த சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டவன். வேறு கம்பெனியில் ஓர் ஆஃபர் வாங்குவான். இங்கே வந்து பேப்பர் போடுவான். மேனேஜர் குப்புராஜ் அவனை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, டீ வரவழைத்து, சம்பளத்தை ஏற்றி, ராஜினாமாவைக் கிழித்துக் குப்பையில் போடுவார். இரண்டு தடவை நடந்தது. ஷாகுலுக்கு எத்தனையோ வருஷம் பின்னால் சேர்ந்தவன், இப்போது அவரைவிட ஒன்றரை மடங்கு வாங்கினான்.

"இன்னா பாய், இப்டியே குந்திகினு கீறீங்களே? போறேன்னு சொன்னாத்தான் இருன்னு சொல்லுவான். சொம்மா இருந்தா, இவன் எங்க போவப் போறான்னு வுட்டுடுவான்" என்றான்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். மகள் இரம் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் இன்ஜினீயரிங் சேர்க்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் ஷாகுல்.

"இந்த சம்பளத்துல புள்ளைய காலேஜ் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகலாம். வாயத் தொறந்து கேக்க அவ்ளோ வெக்கமா? அது இன்னா, உங்க மாமியார் வூடா?" என்றாள் மனைவி நஃபீசா.

ஆகஸ்டில் லீவு போட்டு, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனார். உடனே எடுத்துக்கொண்டார்கள். தனக்கு வெளியில் இவ்வளவு விலையா என்று அவருக்கே ஆச்சரியம். ஆனால் போக வேண்டும் என்ற எண்ணம் துளியும் கிடையாது, அதுதான் கொடுமை. குப்புராஜ் ரூமில் டீ வந்ததும் சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "உங்க முகத்துக்காகத்தான் சார் இருக்கேன்."

2008 அக்டோபரில், ரம்ஜான் முடிந்த கையோடு பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். குப்புராஜ் படித்தார். கதவைச் சாத்தவில்லை. டீயும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இந்த ஷூக்களை விற்ற கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர்கள் வரிசையாக ரத்தாகிக்கொண்டிருந்தன. ஆளைக் குறை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, யாரை எந்த முகத்தோடு அனுப்புவது என்று குப்புராஜ் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ரொம்ப சந்தோஷம் ஷாகுல்! பதினோரு வருஷத்துல நீங்க ஒண்ணுமே கேட்டதில்ல. நல்ல இடம் கிடைச்சிருக்கு, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று எழுந்து நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கம்பெனியில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"இல்ல சார், நான் சும்மா..." என்பது நாக்கு நுனிவரை வந்தது. ரோஷம் வந்து அதை விழுங்கிவிட்டது. அட மனுஷா, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கப்போகிறது, அதை விடுங்கள். கடைசி நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாய், நெஜமாவே போறீங்களா?" என்று கேட்ட சிட்டிபாபுவின் முகம் செத்துப்போயிருந்தது.

புதுக் கம்பெனியில் முதலில் அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். பிறகு பொங்கல் கழியட்டும் என்றார்கள். பொங்கலுக்குப் பிறகு உள்ளேயே விடவில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை.

"நான்தான் உசுப்பிவிட்டேன், என் வாயில மண்ணப் போட" என்று நஃபீசா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கடிகாரத்தைச் சுவரில் மாட்ட யாருக்கும் மனசு வரவில்லை. பரீட்சை முடிந்த அன்றைக்கு இரம் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கரெஸ்பாண்டென்ஸ்லயே பி.காம் படிச்சிக்கிறேன் அத்தா. பல்லாவரத்துல ஒரு துணிக்கடையில ஆள் கேக்கறாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

ஏப்ரலில் குப்புராஜைத் தேடிப்போனார். நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார், டீகூட வாங்கிக் கொடுத்தார். வேலை இருக்கிறது, ஆனால் கான்ட்ராக்டில்தான் என்றார். வெளியே போய்த் திரும்பி வந்தால் சம்பளம் ஏறும் என்பதுதானே சிட்டிபாபுவின் கணக்கு? ஷாகுலுக்குப் பாதியாக இறங்கிவிட்டது. கணக்குச் சொன்ன சிட்டிபாபுவையும் டிசம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். அவன் பேப்பர்கூடப் போடவில்லை.

திங்கட்கிழமை காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, பழக்கத்தில் நேரே கேட்டுக்கு நடந்தார். அவரைப் பார்த்ததும் சவுரிமுத்துவின் முகம் மலர்ந்தது. கை மேலே போனது.

"வாங்க பதி..."

சட்டையில் தொங்கிய மஞ்சள் கார்டைப் பார்த்துவிட்டார். மேலே போன கை தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது.

"பாய்... கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குப் பின்பக்க கேட்டு. என்னியத் தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, இதுல இன்னா இருக்கு சவுரி" என்று ஷாகுல் சிரித்தார். காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அந்தக் கேட் வழியாகத் தோலும் அட்டைப்பெட்டியும் போய்வருவதைத்தான் பதினோரு வருஷமும் பார்த்திருந்தார். மஞ்சள் கார்டு போட்டவர்கள் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் போய் நின்றார்.