மீட்டர் கோளாறு

மெக்கானிக் அப்பாவு அண்ணன் என் வேனின் பின் சீட்டைக் கழற்றி ஷெட் ஓரமாக வைத்தபோது, டீசல் மீட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். வண்டி வைத்திருக்கிற எவளாவது இப்படி வேண்டிக்கொள்வாளா? நான் வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பாதியில் நிற்கிற டீசல் முள், காலையில் கால்வாசிக்கு இறங்கியிருக்கும். மீட்டர் கோளாறு, முள்ளை நம்பாதே என்றார் என் வீட்டுக்காரர் சாம்சன். அவரை நம்பினேன். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பொம்பளைக்கு எதற்கு வேன் என்று தெருவே சிரித்தபோது, பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தவர்.

முள்ளை நம்பாமல் ஓட்டி, போன வாரம் கவரைப்பேட்டை தாண்டி நடுரோட்டில் வண்டி நின்றது. உள்ளே சிப்காட்டுக்கு ஷிப்டு போகிற பெண்கள். எல்லோருக்கும் அரை நாள் போச்சு. "ஓட்டத் தெரியலன்னா ஊட்ல குந்த வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள் நர்மதா. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியிலும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தரை விரிப்பை விலக்கியதும் டேங்க்கின் மேல்மூடி தெரிந்தது. அப்பாவு அண்ணன் வயரைக் கழற்றிவிட்டு என்னைச் சாவி போடச் சொன்னார். முள் அடியில் கிடந்தது. வயரால் வண்டியின் இரும்பைத் தொட்டார், உச்சிக்கு ஏறியது. மீட்டரில் பழுதில்லை, உள்ளே இருக்கிற மிதவையைப் பார்ப்போம் என்றார். ஸ்குருக்களைக் கழற்றி மூடியைத் தூக்கியதும், கம்பியோடு அது டீசல் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. வயரை மாட்டி மிதவையைத் தூக்கினார், முள் ஏறியது. இறக்கினார், இறங்கியது. எங்கேயாவது ஒட்டும், இன்னொரு தடவை பாருங்கண்ணே என்றேன். பார்த்தார். நானே வாங்கி ஆட்டினேன். பாழாய்ப்போன முள் கொஞ்சமும் தயங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து டேங்க்கையும் குழாயையும் தடவிப் பார்த்தார். ஒழுகவும் இல்லை.

"ஏஞ்சலு, இத்த முன்னாடி யாராச்சும் தொறந்தாங்களா?"

மூடியைச் சுற்றி வருஷக்கணக்கான புழுதி. ஸ்குருத் தலைகள் மட்டும் அவர் கழற்றும் முன்பே பளபளவென்று இருந்தன. இந்த வழியாக டியூப் விட்டு டீசலை உறிஞ்சி எடுப்பார்கள் என்றார். அதற்குப் பூட்டின வண்டிக்குள் வந்து சீட்டைத் தூக்க வேண்டும். வேனுக்கு இரண்டே சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று சாம்சனிடம்.

டீசல் போய்த் தொலையட்டும், கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். நர்மதா சொன்னதைச் சொல்லி நான் அழுதபோது என் முதுகைத் தடவிக்கொடுத்தானே, பாவி.

செல்போன் அடித்தது. அவன்தான்.

"இன்னாச்சி? மீட்டர்தானே?"

"மீட்டரு நல்லாத்தான் கீது. மிதவையும் நல்லாத்தான் கீது."

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அப்ப நீ ஓட்றதுதான் சரியில்ல, ஏஞ்சலு. வருத்தப்படாத. நாளைக்கு நான் கூட வந்து சொல்லித் தரேன்."

ஸ்பீக்கரைப் போட்டு, போனை வேனின் தரையில் வைத்தேன். கிளட்ச்சிலிருந்து காலை எப்படி மெல்ல எடுக்க வேண்டும் என்று அவன் பொறுமையாக, ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அப்பாவு அண்ணன் உள்ளங்கையில் ஸ்குருக்களை வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.