அண்ணனுக்குப் பிடிக்காதவை

படிவம் பதினான்கு பக்கம். முதல் மூன்றை நானே முடித்துவிட்டேன். அண்ணனுக்கு வயது நாற்பத்து மூன்று, பிறந்ததிலிருந்தே கைகால் இறுக்கம், நடக்க முடியாது, பேச்சு உண்டு ஆனால் கேட்பவருக்குப் பொறுமை வேண்டும், வலிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை, சக்கர நாற்காலியின் அகலம் இவ்வளவு. நான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ‘ஒரு நாள் எப்படிப் போகும்?’ என்று மேலே போட்டிருந்தார்கள். கீழே முழுக்கக் கட்டங்கள். எழும் நேரம், குளியல், சாப்பாடு, பிடித்தவை, பிடிக்காதவை.

இதற்கெல்லாம் அம்மாவிடம்தான் பதில் இருந்தது. சோபாவில் ஒருக்களித்துப் படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“நாலரைக்கு எழுப்பணும். உடனே குளிப்பாட்டணும். அஞ்சு மணிக்கு நாற்காலில உக்காந்துடணும், அப்புறம் கட்டில் பக்கமே போகமாட்டான். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். பிடிக்காதது?”

“வெளிச்சம் ஆகாது. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் திரை மூடியே இருக்கணும். சத்தம் ஆகாது. டிவி, ரேடியோ எல்லாம் ரெண்டுக்கு மேலதான். காலைல யாராவது வீட்டுக்கு வந்தா சுத்தமாப் பிடிக்காது.”

அண்ணன் சமையலறை வாசலில் தன் நாற்காலியில் இருந்தான். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பது வருடம் அவனைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்குக் குடல் இறங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும், பெரியவனை யார் பார்ப்பது என்று சொல்லி அம்மா போகவில்லை. மூன்றாவது தேதி பத்தொன்பது. “குடல் சிக்கிக்கிட்டா நல்ல நாள் பாத்து சிக்காதும்மா. இந்தத் தடவையும் வரலன்னா வரிசைல கடைசிக்குப் போயிடுவீங்க” என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

நான் இருக்கிறேனே, அண்ணனை நான் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று தோன்றலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவர் இருந்தே ஆகவேண்டும். எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் நோயாளி, ஒருவர் அண்ணன். மீதியைக் கணக்குப் போட வாத்தியார் வேண்டாம்.

அதனால்தான் அந்தப் படிவம், ஓர் இல்லத்துக்கு. ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அண்ணனைப் போன்றவர்களைச் சில நாள் தங்கவைத்துக்கொள்வார்கள், வீட்டார் தங்கள் காரியத்தைப் பார்த்துவிட்டு வந்து அழைத்துக்கொள்ளலாம். ஆறு அறைகள். பதினெட்டாம் தேதி முதல் ஆறு நாள் கேட்டிருந்தோம்.

நான்கே நாளில் போன் வந்தது. இல்லத்தில் யார் எப்போது தங்குவது என்று திட்டமிடும் பெண்மணி பேசினார்.

“இடம் இருக்கு தம்பி. ஆனா உங்க அண்ணனுக்குச் சரிப்படாது. எங்ககிட்ட ராத்திரியிலேர்ந்து காலைல ஏழு மணி வரைக்கும் ஒரே ஆள்தான். தூக்க ரெண்டு பேர் வேணும், அது விதி. நாலரைக்கு நான் யாரைக் கொண்டுவந்து நிறுத்தறது? ரெண்டு மணி வரைக்கும் இருட்டறை வேற கேட்டிருக்கீங்க. வலிப்பு வர்றவரை இருட்டுல விட்டுட்டு நாங்க எப்படிப் பாக்கறது?”

கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை, அதனால் மிரட்டுவது போல் இருந்திருக்கும். “சரி, வியாழக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்” என்றார்.

கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகக் கதவை அளந்தார், கட்டிலின் உயரத்தை அளந்தார், குளியலறைப் படியை அளந்தார். அம்மா என் காதருகே, “தையக்காரியை அனுப்பிட்டாங்களாடா?” என்றாள். அதன்பின் எங்களுக்கு அவர் அளவுக்காரம்மா.

“நாற்காலி அகலம் நீங்கதான் எழுதினீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா. மூணு தடவை அளந்தேன்.”

“காலி நாற்காலிய அளந்திருக்கீங்க. அவர் உக்காந்தா முழங்கை ரெண்டும் வெளியதான இருக்கு? அதை எங்க கழட்டி வைக்கறது?” அறைக் கதவின் நிலையைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அண்ணனின் முழங்கைக் காய்ப்பை நான் பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தேன். நாடாவை அவன் முழங்கைகளுக்குக் குறுக்கே பிடித்து, என் எண்ணை அடித்து, புது எண்ணை எழுதினார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணனின் எதிரே உட்கார்ந்தார். “எங்க இடத்துக்கு வர உங்களுக்கு விருப்பமா?”

“அவனுக்கு எல்லாம் சம்மதம்தான்” என்றாள் அம்மா.

“அவர் சொல்லட்டும்மா.”

அண்ணனுக்கு ஒரு சொல் வாயிலிருந்து வர, கழுத்து, தோள், இடது கை எல்லாம் சேர்ந்து தள்ளவேண்டும். தள்ளினான். “அம்மா என்னோட வக்கீல்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “ஒரு கேஸ்கூட ஜெயிச்சதில்ல.”

அளவுக்காரம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“சரி, இந்த நாலரை மணி எதுக்கு?” என்றார் அளவுக்காரம்மா.

“அது அவன் பழக்கம்மா. மாத்த முடியாது.”

“எப்போலேர்ந்து?”

“பதினோரு வருஷமா. சின்னவன் ராத்திரி வேலைக்குப் போனதிலேர்ந்து.”

அம்மா இதை, மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். அளவுக்காரம்மா பேனாவை நிறுத்தினார். ஹாலைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். ஒரே அறை, ஒரே கட்டில்.

“நீங்க எங்க தூங்குவீங்க தம்பி?”

“அந்தக் கட்டில்லதான்.”

“எப்ப?”

“காலைல அஞ்சு மணிக்கு.”

“எப்ப எழுந்திருப்பீங்க?”

“ரெண்டு.”

“அப்ப வெளிச்சம் யாருக்குப் பிடிக்காது?”

நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். குளிர்கிடங்கின் ராத்திரி ஷிப்டு முடிந்து, முதல் வண்டி பிடித்து நான் வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. அதற்குள் கட்டில் காலியாக வேண்டும். விரிப்பை மாற்ற வேண்டும். நான் தூங்க இருட்டு வேண்டும், சத்தம் கூடாது, யாரும் வரக்கூடாது. பக்கம் நான்கில் அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது, அந்தப் பூதத்துக்கு என் முகம்.

வேலையை விட்டு நான்கு மாதமாகிறது. ஒரு சாயங்காலம் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அத்தோடு முடிந்தது. ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? ராத்திரி முழுக்கச் சமையலறையில் விழித்து உட்கார்ந்திருப்பேன். அம்மாவால் முடியாததால் நாலரைக்கு அண்ணனை நானே எழுப்பித் தூக்கி, குளிப்பாட்டி, நாற்காலியில் வைப்பேன். அப்புறம் அவன் சூடு ஆறாத கட்டிலில் போய் விழுவேன். அவனுக்கு ஏதோ பெரிய தொண்டு செய்வதாக நினைப்பு.

“அண்ணா, உனக்கு எப்ப எழுந்தாப் பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“தெரியாதுடா.”

“வெளிச்சம் பிடிக்குமா, பிடிக்காதா?”

“பாத்தாத்தான தெரியும்.”

“இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ தூங்கிட்டு இருந்த.”

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள். “அப்ப நான் பொய் சொல்றேனா? பதினோரு வருஷம் தினம் அவனைக் குளிப்பாட்டினவ நான். ஒருநாள் மூஞ்சி சுளிச்சதில்ல. யாருக்காக ஆரம்பிச்சா என்ன? பழகிட்டா அது அவனோடதுதான?”

“எனக்கும் தெரியலம்மா” என்றார் அளவுக்காரம்மா. “மூணு நாள் எழுப்பாம விட்டுப் பாருங்க. திங்கக்கிழமைக்குள்ள நாலாம் பக்கத்தைத் திருப்பி எழுதி அனுப்புங்க. இல்லேன்னா அந்த ஆறு நாள் வேற குடும்பத்துக்குப் போயிடும்.”

மூன்று நாளும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதல் நாள் அவன் நாலு இருபதுக்கே விழித்துவிட்டான். நான் அறை வாசலில் நின்றிருந்தேன்.

“ஏன் தூக்கல?”

“சோதனை.”

“எனக்கா, உனக்கா?” என்று கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். ஏழு மணிக்கு அம்மா வந்து, “பாத்தியா? நான் சொன்னேன்ல?” என்றாள், பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி.

இரண்டாம் நாள் ஒன்பது பத்து வரை தூங்கினான். மூச்சு இருக்கிறதா என்று அம்மா மூன்று முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். எனக்குப் படுக்க இடமில்லை. சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எழுந்ததும் தலை வலிக்கிறது என்றான் அண்ணன். அதிகம் தூங்கியதாலா, குறைவாகத் தூங்கிய பதினோரு வருடத்தாலா? யாரைக் கேட்பது?

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு விழித்தான். நான் திரையை விலக்கினேன். கண்ணை இறுக்கிக்கொண்டு, “மூடு” என்றான். மூடினேன். அரை மணி கழித்து, “தெற” என்றான்.

“வெளிச்சம் ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றாள் அம்மா.

“அப்புறம் தெறக்கச் சொன்னான்ல?”

“அது உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்டா. உனக்கு என்ன தெரியும் அவனைப் பத்தி?”

“உனக்குத் தெரிஞ்சதைத்தான போன வாரம் எழுதினேன்.”

“டேய்” என்றான் அண்ணன். இரண்டு பேரும் திரும்பினோம். “பசிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்காம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழும் நேரம்: நாலரை என்று எழுதினால் இடம் கிடைக்காது. ஒன்பது என்று எழுதினால் பொய். அம்மாவின் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. கடைசியில் எல்லாக் கட்டத்திலும் ‘தெரியாது’ என்று எழுதினேன். பன்னிரண்டு தெரியாதுகள். நாற்பத்து மூன்று வருடம் கூடவே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வெட்கமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நானே போன் செய்தேன். “பாத்தேன்” என்றார் அளவுக்காரம்மா. “வாங்க.”

“எல்லாமே தெரியாதுன்னு எழுதிருக்கேனே?”

“தெரியாதுக்கு நாலரை மணிக்கு ரெண்டு ஆள் வேணாம் தம்பி. ஏழு மணிக்கு மேல அவரையே கேட்டுக்கறோம்.”

பதினெட்டாம் தேதி காலை அழைத்துப் போனோம். வாசலில் படிக்கட்டு இல்லை, நீளமான சரிவு. கதவு வழியாக நாற்காலி போனபோது முழங்கைக்கு இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தது. அறையில் கட்டில், அதன் மேல் கூரையில் தண்டவாளம் மாதிரி ஒன்று, அதிலிருந்து தொங்கும் தொட்டில் துணி. இரண்டு பணியாளர்கள் துணியை அவன் அடியில் நுழைத்து ஒரு பொத்தானை அழுத்தினார்கள். அண்ணன் அந்தரத்தில் எழும்பினான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயமா, சந்தோஷமா, ஒன்றும் பிடிபடவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

அம்மா பணியாளர்களில் பெரியவளைப் பிடித்துக்கொண்டு, “இடது பக்கமா படுக்க வைங்க, தண்ணி உறிஞ்சு குழாயிலதான்” என்று ஆரம்பித்தாள். பிறகு தானே நிறுத்திக்கொண்டாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு இப்போது சந்தேகம். “நீங்க அவனையே கேட்டுக்குங்க” என்றாள். எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை.

கட்டிலில் இறக்கியதும் அண்ணன் அந்தப் பணியாளரிடம் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. “என்ன சொன்னீங்க?” என்று குனிந்தாள். மறுபடி சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான்.

எனக்கு முதல் முறையே புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. அவன் வாய் திறக்கும் முன்பே அவனுக்காகப் பேசிவிடும் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

“டேய்” என்றான் அண்ணன் என்னைப் பார்த்து. “சொல்லு.”

சொன்னேன். “ஆறு நாளுக்கு மேல இருக்கலாமானு கேக்கறார்.”

“பத்து” என்று திருத்தினான்.

“மேல கேட்டுத்தான் சொல்லணும்” என்றாள் அவள், ஒன்றும் பெரிதாக நடக்காதது போல.

அம்மா அவன் தலையைத் தடவினாள். “வரேன் பெரியவனே” என்றாள்.

முதல் நாளே சேரவேண்டும் என்பதால் அங்கிருந்து டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேர்க்கை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், “திருப்பி வீட்டுக்குப் போலாம்” என்றாள் அம்மா.

“வரிசைல கடைசிக்குப் போயிடுவம்மா.”

“பரவால்ல.”

“குடல் சிக்கிக்கும்.”

“அவன் ஏன்டா அப்படிக் கேட்டான்? ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் நான் அவனைத் தூக்கக் கூடாதுன்னு கேட்டானா? இல்ல அவனுக்கு என்கிட்ட இருக்கப் பிடிக்கலையா?”

“தெரியலம்மா.”

“நாப்பத்தி மூணு வருஷம்டா.”

“தெரியும்.”

“அது ஒண்ணுதான் உனக்குத் தெரியும்.”

நர்ஸ் வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள். அம்மா அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றேன், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். மூன்றாம் முறை கூப்பிடும்போது அம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்தாள்.

“அந்த அளவுக்காரிக்குப் போன் போடு. பத்து நாள் கேளு.”

கோபத்தில் சொன்னாளா, அவனுக்காகச் சொன்னாளா, தனக்காகவா? குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நர்ஸோடு நடந்து உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

போன் போட்டேன். உடனே எடுத்தார்.

“இன்னும் நாலு நாளா? பாக்கணும். கேக்கறது யாரு தம்பி, அம்மாவா?”

“இல்ல. அண்ணன்தான் கேக்கறான்” என்றேன்.